மூங்கிற் கோட்டைத் தளபதி

பாராசத் செல்லும் பேருந்துகளில் தித்துமீர் என்ற சொல்லைக் கேட்டு, அஃது ஓர் ஊர்ப் பெயர் என்றே ஓராண்டு எண்ணியிருந்தேன். பேருந்து நிலையத்திற்கு இட்ட மனிதப் பெயர் என்று அறிந்தபோது வெட்கினேன். மூங்கிலால் கோட்டை கட்டிக் கும்பினியாரை எதிர்த்தவரின் பெயர் அது!

இயற்பெயர் மீர் நிசார் அலி. 1782இல், நம் நியூ டவுன் அடங்கிய இதே வடக்கு 24 பர்கனா மண்ணில் பிறந்தார். மல்லும் சிலம்பமும் பயின்றவர். பிழைப்புக்காக ஜமீன்தார் ஒருவரிடம் தடியேந்தும் ஆளாயிருந்து சிறையும் கண்டார். மக்கா சென்று மீண்டபின் முற்றும் வேறு மனிதர். உழவரும் நெசவாளரும் அவரைச் சூழ்ந்தனர்.

பூண்டாவின் ஜமீன்தார் கிருஷ்ணதேவ ராய், அவர்களில் தாடி வைத்தோர் ஆளுக்கு இரண்டரை ரூபாய் செலுத்த வேண்டுமென்றார். நிலத்துக்கு வரி போதாதென்று முகத்துக்கும் வரி! நீதிமன்றப் படியேறியும் பயனில்லை; கைகலப்பு மூண்டது. சமயச் சினமும் அதில் கலந்திருந்தது, மறைப்பதற்கில்லை. பள்ளிவாசல் எரிந்தது, கோயிலும் மாசுபட்டது. எனினும் அவரை மதவெறியர் என்று ஒரே சொல்லில் முடிப்பாரோடு நான் உடன்படேன். அவுரித் தோட்டத்து வெள்ளையரும் அவருக்கு அஞ்சினரே! குத்தகை அளந்துவிட்டு வெறுஞ்சாக்குடன் களத்திலிருந்து திரும்பிய பாட்டனாரின் பேரன் நான். எனக்கு அந்தச் சினம் விளங்குகிறது.

1831 அக்டோபரில் நார்க்கேல்பேரியாவில் கோட்டை எழுந்தது. கும்பினி ஆட்சி முடிந்ததென்று அறிவித்தார். குலாம் மாசூம் படைத்தலைவரானார். நவம்பர் நடுவில் மாஜிஸ்திரேட் அலெக்சாண்டர் சிப்பாய்களுடன் வந்து, தோற்று, உயிர் தப்பி ஓடினார்.

அடுத்து வந்தவை பீரங்கிகள். மூங்கில் வளைந்து நிமிரும். இழுவிசையையும் நன்கு தாங்கும். குண்டின் உந்தத்தை என் செய்யும்? 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை, முதல் தாக்குதலைத் தாங்கி, இரண்டாம் முறைதான் வீழ்ந்தது. இங்கோ சில மணி நேரம்! தித்துமீர் களத்திலேயே மடிந்தார். மாசூம் தூக்கிலிடப்பட்டார். நூற்றுக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர்.

டாக்காவில் ஒரு கல்லூரி அவர் பெயர் தாங்கி நிற்கிறது. நம் விடுதி மாடியிலிருந்து பார்த்தால் கண்ணாடி மாளிகைகள்தாம் தெரிகின்றன. முப்பதாண்டுகளுக்கு முன் அவை நின்ற இடம் வயல். அவ்வயலை உழுதவர்கள் எங்கே போனார்களென்று விசாரித்து வருகிறேன். தேர்வு முடிந்ததும் நார்க்கேல்பேரியா செல்ல எண்ணம். வர விரும்பும் நண்பர்கள் சங்க அறையில் பெயர் கொடுக்கலாம்.