கோஷா ஆஸ்பத்திரியைத் தந்த டாக்டர் மேரி ஷார்லீப்

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா காந்தி அரசு மகப்பேறு மருத்துவமனையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியேறிவிட்ட நம் குடும்பங்களிலும் அங்கே பிறந்தவர்கள் இருப்பார்கள். நம் பெண்களின் கோஷாவை மதித்து உருவான அந்த மருத்துவமனைக்குப் பின்னால் இருந்தவர் ஓர் ஆங்கிலேயக் கிறிஸ்தவப் பெண்மணி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1845-ல் லண்டனில் பிறந்த மேரி, வழக்கறிஞரான கணவர் வில்லியம் ஷார்லீபுடன் 1866-ல் மதராஸ் வந்தார். அன்று கோஷா கடைப்பிடித்த முஸ்லிம் பெண்களும், உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் மருத்துவரிடம் போவதில்லை. பிரசவம் சிக்கலானால் முறையான பயிற்சியில்லாத மருத்துவச்சிதான் கதி. இதையெல்லாம் கேட்டறிந்த மேரி முதலில் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கக் கற்றார். அது போதாது என்று உணர்ந்ததும், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான நிலையில் 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடன் சேர்ந்த பெண்கள் மூவர் மட்டுமே. 1878-ல் தேறினார். பின் லண்டன் சென்று, 1882-ல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே மதராஸ் திரும்பினார்.

1885-ல் நுங்கம்பாக்கத்தில், பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்கும் மருத்துவமனையைத் தொடங்கினார். வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். 1890-ல் அது சேப்பாக்கம் பகுதியில் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. அதற்கு முன்பே, 1887-ல், உடல்நலக் குறைவால் மேரி இங்கிலாந்து திரும்பியிருந்தார். அங்கும் பெண்களுக்கான மருத்துவத்திலேயே உழைத்து 1930-ல் மறைந்தார்.

இந்த வாழ்க்கை நம்மிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும் என்கிறது மருத்துவம். இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றி அல்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் பேசுகிறது. ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. சிசேரியன் முடிந்து வலியில் கிடக்கும் தாய்க்கு, அந்த முதல் மணி நேரத்தில் குழந்தையை மார்போடு அணைத்து வைக்கக் கற்றுத்தருபவர் நர்ஸ்தான். ஒரே நேரத்தில் பல படுக்கைகளை அவர் கவனிக்க வேண்டியிருந்தால், அந்த மணி நேரம் கைநழுவிப் போகும்.

பிரசவ அறையில் பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்கிறோம். நம் மகள் நர்ஸிங் படிக்கிறேன் என்றால், இரவு டியூட்டி உண்டே என்று தயங்குகிறோம். நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைக் கவனித்த ருஃபைதா (ரலி) அவர்களின் வழி வந்தவர்கள் நாம். நர்ஸ்களுக்குப் போதுமான ஆட்களும் ஓய்வும் பாதுகாப்பும் வேண்டும் என்று நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது ஸ்வீட் பாக்கெட்டோடு மனமார்ந்த நன்றியும் சொல்லிவிட்டு வரலாம். வேலையில் மனநிறைவு உள்ள நர்ஸால்தான் தாய்க்கு அருகில் பொறுமையாக உட்கார முடியும்.

நம் தாய்மார்களுக்கும், அவர்களைப் பேணும் கரங்களுக்கும் அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.