மருத்துவர் கிரீன்

தேர்வு நெருங்கிவிட்டால் மருத்துவ மாணவர் விடுதியில் ஒரே கேள்விதான்: எந்த நூலை நம்புவது? மூத்த மாணவர் விட்டுச்சென்ற குறிப்பேட்டில் மருந்தின் அளவே தவறாக இருக்கக் கண்டு திடுக்கிட்டவன் நான். நம்பத்தக்க நூல் தமிழில் ஒன்றுகூட இல்லாத காலத்தில், அதை ஆக்கித் தரவே வாழ்நாளைச் செலவிட்டார் ஓர் அமெரிக்கர்.

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, கிறித்தவ சமயத் தொண்டராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, அங்கேயே இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். நோயாளியின் பக்கத்தில் நின்றே பாடம் கேட்கலாம்.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் கற்றுத் தேறியவர்கள் நல்ல சம்பளம் தேடி அரசாங்க வேலைக்குப் போய்விட்டார்கள். (அவர்களைக் குறைசொல்ல நமக்கு என்ன யோக்கியதை?) கிராமத்து நோயாளி நின்ற இடத்திலேயே நின்றான். தமிழில் கற்பித்தால் மருத்துவர் ஊரிலேயே தங்குவார் என்று கிரீன் கருதினார். தமிழில் மேனாட்டு மருத்துவ நூல் ஏது?

ஆக்கினார். பிரசவ வைத்தியம் 1857-ல் வந்தது. அறுவை பற்றிய இரணவைத்தியம் 1867-ல். 1872-ல் வந்த மனுஷ அங்காதிபாதம் எதுவென்று நினைக்கிறீர்கள்? நம் மேசைமேல் தலையணைபோலக் கிடக்கும் கிரேயின் உடற்கூற்று நூலேதான்! அவரிடம் பயின்ற தமிழர்களே மொழிபெயர்ப்பில் கைகொடுத்தனர். அவர் பார்த்துத் திருத்தினார்.

சொல்லுக்குத்தான் பெரும்பாடு. முதலில் தமிழில் தேடுவார், கிடைக்காவிட்டால் வடமொழியில், அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இணக்கிக்கொள்வார். இப்படித்தான் அவருடைய வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' ஆயிற்று. நமக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் ஒரே உறுப்புக்கு நூலுக்கொரு பெயர் வழங்கினால் படிப்பவன் கதி என்ன? அதற்காகவே கலைச்சொற் பட்டியல்களையும் தனியே தொகுத்து அச்சிட்டார்.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60 பேருக்கு மேல். அவர்களிற் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

1873-ல் கிரீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடவில்லை. உடலியல் கூறும் மனுஷ சுகரணம் 1883-ல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.