பனியோடு மிதந்த பேரறிஞர் நான்சென்

அறிவியல் வரலாற்றில் ஒரு பழைய கால்சட்டைக்கும் இடமுண்டு! 1881-ஆம் ஆண்டு, சைபீரியாவிற்கு வடக்கே பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கி நொறுங்கி மூழ்கியது ‘ஜீனட்’ என்னும் அமெரிக்கக் கப்பல். மூன்றாண்டுகள் கழித்து, அதன் மாலுமி ஒருவரின் பெயர் பொறித்த கால்சட்டையும் வேறு சில பொருள்களும் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையோரம் கண்டெடுக்கப்பட்டன. இச்செய்தியைப் படித்தவர் பலர். அதன் பொருளைச் சிந்தித்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நார்வே நாட்டு இளைஞர் ஃபிரிட்ஜோஃப் நான்சென்.

1861 அக்டோபர் 10-ஆம் நாள், இன்று ஆஸ்லோ எனப்படும் நகருக்கருகில் பிறந்த நான்சென் பயின்றது விலங்கியல். நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து 1888-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, ஐந்து தோழர்களுடன் பனிச்சறுக்குக் கட்டைகளில் கிரீன்லாந்தின் உட்பகுதியைக் கடந்தார்.

மூழ்கிய கப்பலின் பொருள்கள் அவ்வளவு தொலைவு வந்தனவென்றால், வடதுருவக் கடலின் குறுக்கே ஓர் ஓட்டம் இருத்தல் வேண்டும். அப்படியாயின், ஒரு கப்பலையே பனியில் உறையவிட்டு அவ்வோட்டத்தோடு செல்லலாமே என்று எண்ணினார் அவர். துருவப் பயணங்களில் அனுபவம் மிக்க கிரீலி போன்றோர் இது அழிவைத் தேடும் முயற்சி எனக் கண்டித்தனர். நான்சென் தளரவில்லை. பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலெழும்பும்படி, உருண்ட அடிப்பாகத்துடன் ‘ஃப்ராம்’ என்னும் கப்பலைக் காலின் ஆர்ச்சர் கட்டினார். ‘முன்னே’ என்பது அப்பெயரின் பொருள்.

1893 ஜூனில் 13 பேருடன் புறப்பட்ட ஃப்ராம், செப்டம்பரில் பனியில் உறைந்தது. ஓட்டம் துருவத்தைத் தொடாது என்று கண்ட நான்சென், 1895 மார்ச்சில் யோஹான்சென் என்னும் தோழருடன் நாய்வண்டிகளில் புறப்பட்டு, வடக்கே 86 பாகை 14 கலை வரை சென்றார். அதுவரை எவரும் எட்டாத இடம் அது! திரும்பும் வழியில் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் அமைத்த குடிசையில், கரடி இறைச்சியை உண்டு ஒரு குளிர்காலத்தைக் கழித்தனர். 1896 ஆகஸ்டில் ஃப்ராமும் பனியிலிருந்து விடுபட்டது. பதின்மூவரும் உயிருடன் திரும்பினர்.

துருவத்தை அவர் அடையவில்லை. ஆனால் கடலைக் கண்டறிந்தார். ஆழமற்றதென்று கருதப்பட்ட வடதுருவக் கடல் 3,000 மீட்டருக்கும் ஆழமானது என அளவிட்டார். மேலே உறைகுளிர் நீர். சுமார் 200 மீட்டருக்குக் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீர்! மேலும், பனி காற்றின் திசையில் செல்லாமல் அதற்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை விலகிச் செல்வதைக் குறித்துவைத்தார். பூமியின் சுழற்சியே காரணம் என்று அவர் ஊகித்ததை, எக்மன் என்னும் இளைஞர் கணிதத்தால் நிறுவினார். காற்று கடல்நீரை எவ்வாறு நகர்த்துகிறது என்பதற்கு இன்றும் அதுவே அடிப்படைப் பாடம்.

அந்தப் பனி இன்று குறைந்து வருகிறது. 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில், செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு பத்தாண்டுக்குச் சுமார் 12 விழுக்காடு சுருங்கியுள்ளது. வெதுவெதுப்பான நீரைப் பனியினின்று பிரித்துக் காக்கும் குளிர்நீர் அடுக்கும் சில பகுதிகளில் வலுவிழந்து வருகிறது. 2019-இல் ‘போலார்ஸ்டெர்ன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் நான்சென் முறையிலேயே பனியில் உறைந்து மிதந்தது. ஃப்ராம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் மிதந்தது. இக்கப்பலோ ஓராண்டுக்குள்ளேயே கடலின் மறுபுறம் வந்துவிட்டது! மாற்றத்தை அளக்க நமக்கு அளவுகோல் தந்தவர் நான்சென் அல்லவா?

முதல் உலகப் போருக்குப்பின் கடலாய்வை ஒதுக்கிவைத்து, நாடிழந்த மக்களுக்காக உழைத்தார். அவர் பெயரால் வழங்கிய கடவுச்சீட்டை ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றன. 1922-இல் நோபல் அமைதிப் பரிசு அவரை நாடிவந்தது. 1930 மே 13-இல் மறைந்தார்.

கரையொதுங்கிய கந்தல் துணியில் ஒரு கடலின் ஓட்டத்தைக் கண்டவர் அவர். நம் ஆய்வுக்கூடங்களில் நாம் அன்றாடம் எழுதும் சிறு அளவீடும் நாளை ஒரு தலைமுறைக்கு வழிகாட்டலாம். பிழையின்றி எழுதிவைப்போம்!