கருவி பிடித்த கை

படித்தவன் கையில் கரி படலாகாது. பாடுபடுகிறவன் கைக்கு ஏடு ஆகாது. இவ்வாறு அறிவையும் உழைப்பையும் நம் நாடு நெடுங்காலம் பிரித்தே வைத்திருந்தது. அப்பிரிவினையின் சுமையை மிகுதியாகச் சுமந்தவர் நம் முன்னோர். ஏட்டையும் கருவியையும் ஒருங்கே ஏந்தி உயர்ந்த ஒருவரின் வாழ்வை இவ்வெள்ளி விழா மலரில் நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் இந்திய விமானப் படையின் ஹர்ஜிந்தர் சிங்.

1909இல் பிறந்த அவர், லாகூர் மக்ளகன் பொறியியல் கல்லூரியில் பயின்றார். இந்தியருக்கு எந்திர நுட்பம் கைவராது என்று ஆங்கிலேயர் பலர் எண்ணியிருந்த காலம் அது. விமானம் ஓட்ட ஆள் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பேணவும் நம்மவர் இல்லையேல் இந்திய விமானப் படை நிலைக்காது. இதனை உணர்ந்த ஹர்ஜிந்தர், பொறியியல் கற்றிருந்தும் கடைநிலைப் பணியாகிய ஹவாய் சிப்பாய் வேலையை ஏற்றார்.

1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியை அடுத்த டிரிக் ரோட்டில் முதலாவது ஸ்குவாட்ரன் தொடங்கப்பெற்றது. 4 வாப்பிட்டி விமானங்கள், 6 அதிகாரிகள், 19 ஹவாய் சிப்பாய்கள். அன்றைய படை இவ்வளவே. துணி போர்த்திய இரட்டை இறக்கைகளைக் கொண்டவை அவ்விமானங்கள். எந்திரத்தைச் சோதிப்பதும், எண்ணெய் ஊற்றுவதும், கம்பிகளை இறுக்குவதும், கிழிந்த துணியை ஒட்டுவதும் தரைப் பணியாளரின் கடமை. பணி முடிந்ததும் பதிவேட்டில் கையொப்பம் இடவேண்டும். அதனை நம்பியே விமானி ஏறுவார். சிறு கவனக்குறைவும் உயிரைக் குடிக்கும் என்பதைப் பட்டாசுத் தொழிலை அறிந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்தவர்கள் நம் பாட்டன்மார். ஒரு தொழிலாளியின் கையொப்பம் ஓர் உயிருக்கே பொறுப்பேற்கிறது என்பதன் பெருமை நமக்கன்றோ நன்கு விளங்கும்!

1942இல் ஜப்பானியர் பர்மாவைத் தாக்கினர். கே. கே. மஜும்தார் தலைமையில் முதலாவது ஸ்குவாட்ரன் அங்கு சென்றது. அதனிடம் இருந்த லைசாண்டர் விமானங்கள் வேவு பார்த்தற்கு உரியவை. வாரண்ட் அதிகாரியாயிருந்த ஹர்ஜிந்தரும் அவர்தம் தோழர்களும் ஒவ்வொரு விமானமும் 250 பவுண்டுக் குண்டுகள் இரண்டைச் சுமக்குமாறு மாற்றியமைத்தனர். அவ்விமானங்கள் தாய்லாந்திலிருந்த ஜப்பானிய விமானத் தளங்களைத் தாக்கித் திரும்பின. இந்தியருக்கு எந்திரம் கைவராது என்ற பேச்சுக்குப் பட்டறையிலிருந்தே விடை எழுந்தது. அவ்வாண்டிலேயே அவர் அதிகாரியானார்.

விடுதலைக்குப் பின் அவர் ஏர் வைஸ் மார்ஷல் பதவி வரை உயர்ந்து, பராமரிப்புப் பிரிவின் தலைமையை ஏற்றார். கான்பூரில் படையினரைக் கொண்டே விமானம் கட்டத் துணிந்தார். அங்கு உருவான முதல் ஆவ்ரோ 748 விமானம் 1961 நவம்பரில் பறந்தது. 1971இல் அவர் மறைந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1977இல் நூலாக வெளிவந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஹர்ஜிந்தருக்குக் கல்லூரிக் கதவு திறந்திருந்தது. உழைப்பிலே அவருக்குச் சற்றும் குறையாத நம் முன்னோருக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் திண்ணையும் எட்டவில்லை. ஆகவே, உழைத்தால் எவரும் உயரலாம் என்று மட்டும் சொல்லி நம்மால் அமைய இயலாது. அந்தக் கதவைத் திறப்பதற்காகவே நம்முடையதைப் போன்ற கல்விச் சங்கங்கள் எழுந்தன.

சூலக்கரை இளைஞர்களே! ஸ்பேனர் பிடிப்பதில் இழிவில்லை. அதனைப் பிடித்தவனுக்கு ஏட்டை மறுப்பதே இழிவு. தொழிற்கல்வி பயில்வோர் எந்திரத்தின் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் பெறுவோர் கருவியைத் தொட நாணாதீர்கள். நம் குலக்கொழுந்துகள் இடும் கையொப்பத்தை நம்பி நாளை விமானங்கள் பறக்கட்டும்.