முருங்கன் வீதியில் எரிந்த ஜீப்: போதகர் ஜெயராஜசிங்கத்தின் கதை

1984 டிசம்பர் 13ஆம் திகதி, முருங்கன் பகுதியில் ஒரு ஜீப் வண்டி படையினரால் மறிக்கப்பட்டது. உள்ளே இருந்தவர் மெதடிஸ்த திருச்சபையின் முருங்கன் போதகர் வண. ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம். அவரும் அவருடன் சென்றவர்களும் கொல்லப்பட்டனர். வண்டியும் உடல்களும் எரிக்கப்பட்டன.

அவர் தமிழர். அவரது மனைவி சிங்களப் பெண். அந்த வருடத்தில், அந்த மாவட்டத்தில், ஒரே வீட்டுக்குள் இரண்டு இனமும் இருந்தது சாதாரண விடயமல்ல. கொழும்பில் தலைவர்கள் மேடைகளில் பிரித்துக்கொண்டிருந்ததை இந்த வீடு சேர்த்து வைத்திருந்தது.

முருங்கன் அடிப்படையில் வயல் ஊர். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர்தான் மன்னாரின் நெற்களஞ்சியத்துக்கு உயிர். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வீதி ஊரை ஊடறுத்துச் செல்கிறது. சுற்றிவரக் கத்தோலிக்கக் கிராமங்கள்; அவற்றுக்கிடையே மெதடிஸ்தர் சிறு தொகையினர். இப்படியான ஊரில் போதகர் என்பவர் ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் உரியவரல்ல. கடிதம் எழுத, பொலிசில் கதைக்க, காணாமல் போன பிள்ளையைத் தேட, எல்லாவற்றுக்கும் சனம் போய் நிற்பது குருமனை வாசலில்தான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர், லண்டன் பத்திரிகையொன்றுக்குப் பேட்டியளித்த ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன, யாழ்ப்பாணத்து மக்களின் அபிப்பிராயத்தைத் தான் இனிப் பொருட்படுத்தப் போவதில்லை என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். நாட்டின் முதல் குடிமகனே அப்படிச் சொன்ன பின், துவக்கு வைத்திருப்பவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? 1984இல் தேசிய பாதுகாப்புக்கென்றே லலித் அத்துலத்முதலியின் கீழ் ஓர் அமைச்சு உருவானது. தாய்நாடு, இறைமை, பயங்கரவாதம் என்ற சொற்கள் நாளாந்தம் வானொலியில் ஒலித்தன.

எங்கள் பக்கமும் இதில் சுத்தமில்லை. மண் மீட்பு, தியாகம் என்ற சொற்களோடு வளர்ந்த இயக்கங்களின் காலம் அது. 1984 நவம்பர் 30இல் கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்களவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த நாள் கொக்கிளாய், நாயாறு மீனவர்கள். இந்தக் கொலைகளைச் சொல்லாமல் அதற்கடுத்த வாரத்தை மட்டும் எழுதும் பழக்கம் எங்களிடையே உண்டு; அது நேர்மையல்ல.

டிசம்பர் 4ஆம் திகதி மன்னாருக்கு அருகே இராணுவ வாகனத் தொடர் கண்ணிவெடியில் சிக்கியது. ஒரு சிப்பாய் இறந்தார். அதன் பின் சுமார் முப்பது படையினர் பழிவாங்கப் புறப்பட்டார்கள். வயலில் நின்ற விவசாயிகள், பஸ்ஸில் வந்த பயணிகள், வீதியில் போனவர்கள் எனக் கண்டவர்களைச் சுட்டார்கள். முருங்கன் தபாலகத்தில் ஊழியர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தனர். முத்திரை ஒட்டவும் மணியோடர் எழுதவும் காலையில் வேலைக்கு வந்தவர்கள், அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கிய அரச ஊழியர்கள். அரசின் சீருடை அணிந்தவர்களே அவர்களைக் கொன்றார்கள். அன்று மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர்.

ஜெயராஜசிங்கம் இந்தப் படுகொலையின் முக்கிய சாட்சிகளில் ஒருவர். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் இன்னொருவர். ஒருவர் மெதடிஸ்தர், மற்றவர் கத்தோலிக்கர். அன்றைக்கு என்ன நடந்தது, யார் இறந்தார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் இருவரும். இறந்தவர்கள் எல்லோருமே பயங்கரவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாதபடி நின்ற சாட்சிகள். தபால் ஊழியன் தபால் ஊழியன்தான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. போருக்குப் பேச்சு எவ்வளவு தேவையோ, அவ்வளவுக்கு இப்படியான ஆட்கள் இடைஞ்சல்.

ஒன்பது நாட்களில் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். மனைவி சிங்களவர் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. குருவானவர் என்பதும் காப்பாற்றவில்லை. ஒரு மாதம் ஆகுமுன், 1985 ஜனவரி 6 அதிகாலையில், வங்காலைப் பங்குமனைக்குள் மேரி பஸ்ரியன் அடிகளார் சுடப்பட்டார். அன்று வேறு பொதுமக்களும் இறந்தனர். அடிகளாரின் உடல் மக்களிடம் கொடுக்கப்படவில்லை. அவர் இந்தியாவுக்குத் தப்பிப் போய்விட்டார் என்று அரச தரப்பு சொன்னது. வீதியோரத்தில் எரிந்து கிடந்த ஜீப்புக்கு அப்படியொரு கதை சொல்வது கடினமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 4 கொலைகள் பற்றி ஜனாதிபதி விசாரணைக் குழு ஒன்றை நியமித்தார். எங்கள் நாட்டில் விசாரணைக் குழுக்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை, தண்டனைக்குத்தான்.

2009 மே 19ஆம் திகதி, போர் முடிந்ததை நாடாளுமன்றத்தில் அறிவித்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ, இனிச் சிறுபான்மையினர் என்று யாரும் இல்லை, நாட்டை நேசிப்பவர், நேசிக்காதவர் என்று இரு வகையினரே உள்ளனர் என்ற பொருள்படப் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போதகரின் மனைவிதான் நினைவுக்கு வருவார். தமிழ்ப் போதகரைக் கட்டி வடக்கில் வாழ்ந்து, தன் இனத்தவரின் இராணுவத்திடம் கணவனைப் பறிகொடுத்த பெண்ணை இந்த இரண்டில் எந்த வகையில் போடுவது?

வங்காலையில் ஜனவரி 6 இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஜெயராஜசிங்கத்தின் பெயர் பெரும்பாலும் அந்த நாளில், அடிகளாரின் பெயருக்கு அடுத்ததாக, ஒரு வரியில் சொல்லப்படுகிறது.