ஞாயிற்றை நாடிய ஜான்சென்

ஞாயிற்றைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஞாயிற்றின் பேரொளியே அதனை மறைத்து விடுகின்றது. முழுக் கிரகணத்தின்போது திங்கள் அவ்வொளியை மறைக்கும் சில நிமிடங்களில் மட்டுமே அது தோன்றும். அந்நிமிடங்களை நாடிக் கடல் கடந்து சென்றவர் ஜூல்ஸ் ஜான்சென்.

இவர் 1824ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் பிறந்தார். இளமையில் நேர்ந்த விபத்தினால் ஒரு கால் ஊனமுற்றார். ஆயினும் இவர் சென்ற தொலைவு, கால் நலமுடையார் பலரும் செல்லாதது.

1868 ஆகஸ்டு 18ஆம் நாள், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் முழுக் கிரகணம் நிகழ்ந்தது. மறைந்த ஞாயிற்றின் விளிம்பில் செம்பிழம்புகள் எழுந்து நின்றன. அவற்றை நிறமாலை காட்டியால் நோக்கினார் ஜான்சென். ஒளிமிக்க கோடுகள் தெரிந்தன. பிழம்புகள் வெப்பமிக்க வாயுக்களே என்பதும், அவற்றில் ஹைட்ரஜன் உண்டு என்பதும் தெளிவாயின. இத்துணை ஒளியுள்ள கோடுகளைக் கிரகணமின்றியும் காணலாகாதோ என்னும் எண்ணம் அவருக்கு அப்பொழுதே பிறந்தது. மறுநாட் காலை கருவியை ஞாயிற்றின் விளிம்பை நோக்கித் திருப்பினார். கோடுகள் தோன்றின! இங்கிலாந்தில் லாக்கியர் என்னும் அறிஞரும், குண்டூர்ச் செய்தியை அறியாமலே, அம்முறையைக் கண்டார். இருவர் கடிதங்களும் பாரிசு அறிவியற் கழகத்தை ஒரே நாளில் எட்டின. முதல்வர் யாவர் என்னும் பூசலுக்கு இடமின்றி, பிரெஞ்சு அரசு இருவர் உருவமும் பொறித்த பதக்கமொன்றை வெளியிட்டது.

பிழம்புகளைக் காணும் வழி கிடைத்தது. அவற்றுக்கும் அப்பால் விரிந்துள்ள ஒளிவட்டத்தைக் காணவோ கிரகணமே வேண்டியிருந்தது. 1870ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் கிரகணம் வந்தபோது பாரிசு நகரைப் பகைவர் முற்றுகையிட்டிருந்தனர். வாயில்கள் அடைபட்டன, வானம் அடைபடவில்லை. டிசம்பர் 2ஆம் நாள் விடியலில் ஜான்சென் பலூனில் ஏறிப் பகைவர் படைக்கு மேலே பறந்து தப்பினார். உரிய நாளுக்கு முன்னரே ஓரான் நகரையும் அடைந்தார். அந்தோ! அன்று முகில் திரண்டு ஞாயிற்றை மறைத்துவிட்டது.

அவர் சோர்ந்திலர். அடுத்த ஆண்டு டிசம்பர் 12இல் நம் நீலகிரியிலுள்ள சோலூரில் கருவியுடன் காத்திருந்தார். வானம் தெளிந்திருந்தது. ஒளிவட்டம் நம் காற்றினால் விளையும் மயக்கத் தோற்றமன்று, ஞாயிற்றைச் சார்ந்த மெய்ப்பொருளே என்று அங்குத் துணிந்தார்.

பூமியின் காற்றும் ஞாயிற்றொளியில் தன் கோடுகளைக் கலந்து விடுகின்றது. எனவே காற்று மெலிந்த உயரத்தை நாடி, 1890இல், தம் 66ஆம் வயதில், மான் பிளாங்கு மலைமீது ஏறினார். நடக்க இயலாத அவரைப் பனிச்சறுக்கு வண்டியில் வழிகாட்டிகள் இழுத்துச் சென்றனர். 1893இல் அம்முடியில் ஓர் ஆய்வுக் கூடமும் அமைத்தார். 1907இல் அவர் மறைந்தார்.

மலைமுடிக்கு மேலும் காற்று உண்டன்றோ? ஞாயிற்றின் புற ஊதாக் கதிர்களுள் பெரும்பகுதியை அது தடுத்து விடும். 1946 அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்க அறிஞர்கள் நிறமாலைக் கருவியொன்றை ராக்கெட்டின் வாற்சிறகில் வைத்து அக்காற்றைக் கடந்து அனுப்பினர். ராக்கெட்டு தரையில் வீழ்ந்த பின்னும் படச்சுருள் அழியாது கிடைத்தது. அதுவரை எவரும் கண்டிராத கதிர்கள் அதில் பதிந்திருந்தன.