மூன்று நிமிடத் தோடி

நாகசுரம் என்றால் தோடி. தோடி என்றால் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை. இசை அறிந்த தமிழரிடையே இன்றும் வழங்கிவரும் பேச்சு இது. அவர் மறைந்தது 1956-இல். அவரை நேரில் கேட்டவர்கள் இன்று மிகச் சிலரே இருப்பார்கள். நமக்குக் கிடைத்திருப்பவை அவருடைய இசைத்தட்டுகளும் சில ஒலிப்பதிவுகளும்தாம்.

மேலை இசை ஆர்வலர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரே படைப்பைப் பல பியானோ கலைஞர்கள் வாசித்த இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டு ஒப்பிடுவார்கள். ஆர்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை பேத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக இசைத்தட்டில் பதிந்தார். வில்ஹெல்ம் கெம்ப்ஃப் பின்னாளில் அவற்றையே வாசித்தார். யார் வாசிப்பு உயர்ந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அங்கே மூலம் ஒன்றே. அது தாளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நம் இராக ஆலாபனைக்கு எழுதி வைத்த தாள் கிடையாது. கலைஞரின் மூச்சோடு பிறந்து மூச்சோடு மறைவது அது. ஆகவே நம் இசைத்தட்டுகளை ஒப்பிடும்போது நாம் உண்மையில் மனிதர்களை ஒப்பிடுகிறோம். ராஜரத்தினத்தின் வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கும் இதுவே காரணம்.

அவர் 1898 ஆகஸ்ட் 27-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை வளர்த்தார். மாமனும் நாகசுர வித்துவான். ஆயினும் சிறுவனின் பயிற்சி நாகசுரத்தில் தொடங்கவில்லை. திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயரிடம் வாய்ப்பாட்டுக் கற்ற பிறகே, அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் கற்றார். அவருடைய வாசிப்பில் பாட்டுக் குரலின் சாயல் இருப்பதற்கு இந்த அடித்தளமே காரணம் என்பேன். காலப்போக்கில் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாகவும் விளங்கினார்.

அந்நாளில் நாகசுரக் கலைஞரின் நிலை என்ன தெரியுமா? சாமி புறப்பாட்டில் மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். பெரிய மனிதர் முன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பாடகரும் வீணைக் கலைஞரும் மேடையில் அமர, நாயனக்காரர் மட்டும் வாசலில் நின்றார். அவர் பிறந்த இசைவேளாளர் சமூகத்தின் மேல் ஊர் சுமத்தியிருந்த பாரம் அது.

ராஜரத்தினம் இதை ஏற்கவில்லை. குடுமியை எடுத்தார், கிராப்பு வைத்துக்கொண்டார். கோட்டும் செர்வானியும் அணிந்தார். மற்றக் கச்சேரி வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்து வாசித்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். கருவியும் மாறியது. அதுவரை பெரிதும் வழக்கில் இருந்தது குட்டையான, உச்சச் சுருதியில் ஒலிக்கும் திமிரி நாகசுரம். நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆசாரியின் கைவண்ணத்தில் உருவான நீளமான, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை அவர் எடுத்தாண்டு பரப்பினார். வீதிக்கு ஏற்ற ஒலி, இவ்வாறு அரங்குக்கும் ஏற்ற நாதமாயிற்று.

புகழுக்குக் குறைவில்லை. தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு வாசித்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ (1940) படத்தில் அவரே கதாநாயகன். 1947 ஆகஸ்ட் 14-ஆம் நாள் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்டபோது தில்லியில் ஒலித்ததும் அவர் நாகசுரமே. குறைகளும் இருந்தன. ஒப்புக்கொண்ட கச்சேரிக்குப் போகாமல் இருந்துவிடுவார். கை நிறைய வந்ததைக் கையோடு செலவழித்தும் விடுவார். 1956 டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையில் காலமானபோது, ஈட்டிய பொருளில் மிஞ்சியது மிகக் குறைவு.

இனி இசைத்தட்டுக்கு வருவோம். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். திருவிழா இரவில் மணிக்கணக்கில் விரியும் தோடியை அதற்குள் எப்படி அடைப்பது? ராஜரத்தினம் அடைத்துக் காட்டினார். தோடியில் ஸட்ஜமமும் பஞ்சமமும் நீங்கலாக மற்றச் சுரங்கள் அசைந்தே அழகு பெறுபவை. அந்த அசைவை அவர் விரைவுப் பிருகாவிலும் கைவிடுவதில்லை. நெடிய கார்வை ஒன்று, அதன் முடிவில் மழைச் சரம்போல் ஒரு பிருகா. மூன்று நிமிடம் முடிந்த பிறகும் இராகம் காதில் ஓடிக்கொண்டேயிருக்கும்.

இவரோடு ஒப்பிட மிகவும் தகுந்தவர் இவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்ட நாகசுரம் அவருடையது. குருவிடம் வேகமும் வீறும் மேலோங்கும். சீடரிடம் குழைவும் நிதானமும். குரு இராகத்தை ஆள்கிறார். சீடர் அதனோடு உறவாடுகிறார். இருவர் தோடியையும் அடுத்தடுத்துக் கேட்டால், நல்ல ஆசான் சீடனைத் தன் நகலாக ஆக்குவதில்லை என்பது விளங்கும்.

எங்கள் புந்தோங்கில் இந்த ஒப்பீட்டுக்கு ஊர்ப்பற்றும் சேர்ந்துகொண்டது. கச்சாங் பூத்தே தொழிலால் பெயர்பெற்ற புந்தோங் குடும்பங்களில் பலருக்குப் பூர்வீகம் எட்டயபுரம் வட்டாரம். காருகுறிச்சியார் பின்னாளில் வாழ்ந்த கோவில்பட்டி அதற்குப் பக்கத்து ஊர். கடலை வறுத்த என் தாத்தாவுக்கு அவர் நம்ம ஊர்க்காரர். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியப்பாவுக்கோ ராஜரத்தினத்தை விட்டால் வேறு ஆளில்லை. தீபாவளி, பொங்கல் என்று சொந்தங்கள் கூடும்போதெல்லாம் தட்டும் ஒலிநாடாவும் மாறி மாறி ஒலிக்கும், வாதம் முடியாது. கோயில் முன்வரிசையில் இடம் கிடைக்காத தலைமுறை அது. அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கே அந்த மாமேதைகளைக் கொண்டுவந்து சேர்த்தது இசைத்தட்டு.

இன்று நம் திருமணங்களில் பெரும்பாலும் ஒலிபெருக்கியிலேயே கெட்டிமேளம் முழங்குகிறது. கலைஞர் வந்தாலும் யாரும் நின்று கேட்பதில்லை. மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமைக்காக ஒருவர் வாழ்நாளெல்லாம் போராடினார். அமர்ந்து கேட்கும் கடமையை நாம் மறந்துவிடலாமா?

நண்பர்களே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பரணில் பழைய தட்டுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடைத்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் குருவைக் கேளுங்கள், பிறகு சீடரை. இருவரில் யார் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் பெரியப்பா கட்சி.